விற்பனை நிறுத்தப்பட்ட மெடிகேப் பாலிசி: வைத்துக்கொள்வதா, மாற்றிக்கொள்வதா?

அமெரிக்காவில் வாழும் முதியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்களுள், மெடிகேர் எனும் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான துணைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றின் விற்பனையை நிறுத்துவதாக அறிவிக்கும் கடிதம் பெருங்கலக்கத்தை உண்டாக்கக்கூடியது. கையிலிருக்கும் காப்பீடு பறிபோய்விட்டது என்று எண்ணிப் பலர் அந்த வாரமே முகவர் ஒருவரை அழைத்து, அவர் காட்டும் முதல் திட்டத்துக்கு மாறிவிடுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் அந்த அவசரத்துக்குத் தேவையே இல்லை. வேறு சில நேரங்களிலோ, 63 நாட்களுக்குள் செயல்படாவிட்டால் மீண்டும் கிடைக்காத உரிமை ஒன்று கைநழுவிப் போய்விடும். வந்திருப்பது இவற்றுள் எந்த நிலை என்பதை அறியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது.

ஒப்பீட்டுக்குள் நுழையுமுன் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மெடிகேரில் பகுதி ஏ மருத்துவமனைச் செலவையும், பகுதி பி மருத்துவர் கட்டணம், பரிசோதனை, புறநோயாளி சிகிச்சை ஆகியவற்றையும் ஏற்கின்றன. இரண்டுமே முழுச் செலவையும் ஏற்பதில்லை. 2026ஆம் ஆண்டில் மருத்துவமனையில் சேர்பவர் முதலில் 1,736 டாலரைத் தாமே செலுத்த வேண்டும். அது ஆண்டுக்கு ஒருமுறை என்றில்லாமல், போதிய இடைவெளிக்குப் பின் மீண்டும் சேர நேர்ந்தால் மீண்டும் செலுத்த வேண்டிய தொகை. பகுதி பி-க்கு ஆண்டு டிடக்டிபிள், அதாவது காப்பீடு செலுத்தத் தொடங்குமுன் நோயாளி தாமே ஏற்க வேண்டிய தொகை, 283 டாலர். அதற்குமேல் மெடிகேர் ஏற்ற கட்டணத்தில் 20 விழுக்காடு நோயாளியின் பங்கு. அந்த 20 விழுக்காட்டுக்கு உச்சவரம்பு இல்லை என்பதே இதிலுள்ள உண்மையான ஆபத்து. ஒரு லட்சம் டாலர் செலவாகும் புற்றுநோய் சிகிச்சையில் 20,000 டாலர் குடும்பத்தின் தலையில் விழும். இந்த இடைவெளியை நிரப்பத் தனியார் நிறுவனங்கள் விற்பதுதான் மெடிகேப் எனப்படும் துணைக் காப்பீடு.

மெடிகேப்பில் நிறுவனத்தின் பெயரைவிடத் திட்டத்தின் எழுத்துதான் முக்கியம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1992 முதல் இத்திட்டங்கள் ஏ, பி, சி என்று எழுத்துகளால் வகைப்படுத்தப்பட்டன. மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்கள் தமக்கெனத் தனி வகைப்பாட்டை வைத்துள்ளன; மற்ற இடங்களில் ஒரு நிறுவனத்தின் பிளான் ஜி தரும் பலனையே இன்னொரு நிறுவனத்தின் பிளான் ஜி-யும் தந்தாக வேண்டும். வேறுபடுவன மாதப் பிரீமியமும், அந்தப் பிரீமியம் உயரும் வேகமும், சேர்வதற்கு முன் கேட்கப்படும் உடல்நலக் கேள்விகளும் மட்டுமே. மெடிகேர் அட்டையை ஏற்கும் எந்த மருத்துவரும் எந்த நிறுவனத்தின் மெடிகேப்பையும் ஏற்பார் என்பதால், மருத்துவர் பட்டியலைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதும் இல்லை.

கடிதம் உண்மையில் எதைச் சொல்கிறது?

"பிளான் நிறுத்தப்படுகிறது" என்ற ஒரே தொடருக்குப் பின்னால் வெவ்வேறு நிகழ்வுகள் இருக்கக்கூடும். அவற்றுள் மிகப் பரவலானது, நிறுவனம் அந்தப் பாலிசியைப் புதியவர்களுக்கு விற்பதை நிறுத்துவது. இதனால் ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. 1992க்குப் பின் வழங்கப்பட்ட மெடிகேப் பாலிசிகள் அனைத்தும் உறுதியாகப் புதுப்பிக்கத்தக்கவை. பிரீமியம் செலுத்தத் தவறினாலோ விண்ணப்பத்தில் முக்கியமான உண்மையை மறைத்திருந்தாலோ தவிர, நிறுவனம் தன் விருப்பப்படி அவற்றை ரத்து செய்ய முடியாது. உடல்நலம் எவ்வளவு மோசமானாலும் சரி, கடந்த ஆண்டில் எத்தனை லட்சம் டாலர் கோரிக்கை வைத்திருந்தாலும் சரி, பாலிசி நீடிக்கும்.

இரண்டாவது வகை, சட்டமே ஓர் எழுத்தை மூடுவது. 2010 ஜூன் முதல் ஈ, ஹெச், ஐ, ஜே ஆகிய பிளான்கள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, எம், என் ஆகியவை புதிதாக வந்தன. 2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2020 ஜனவரி 1 முதல் மெடிகேருக்குப் புதிதாகத் தகுதி பெறுவோர் பகுதி பி டிடக்டிபிளை ஏற்கும் சி, எஃப் பிளான்களை வாங்க முடியாது. இவற்றை முன்பே வாங்கியவர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்; பிளான் ஜே வைத்திருப்பவரிடமிருந்துகூட அதை யாரும் பறிக்கவில்லை. மூன்றாவது வகையில் ஒரு நிறுவனம் தன் மெடிகேப் வணிகத்தை இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுவிடும். அப்போது அட்டையும் பிரீமியம் அனுப்பும் முகவரியும் மாறும். ஒப்பந்தத்தின் பலன்கள் மாறா.

இம்மூன்றிலும் பாலிசிதாரர் எதுவும் செய்யாமல் இருந்தாலே காப்பீடு தொடரும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். காப்பீடு தொடர்வதால், உடல்நலக் கேள்வி இல்லாமல் வேறு பாலிசி வாங்கும் சிறப்புரிமையை மத்தியச் சட்டம் இந்நிலைகளில் வழங்குவதில்லை. "என் பிளானைத்தான் மூடிவிட்டார்களே, ஆகவே எந்த நிறுவனமும் என்னைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும்" என்று நம்பிப் பழைய பாலிசியைக் கைவிடுவதைவிட விலை கூடிய தவறு இந்தத் துறையில் அதிகமில்லை.

நான்காவது வகை முற்றிலும் வேறு. நிறுவனம் திவாலாகிக் காப்பீடு முடிவுக்கு வருவது, முன்னாள் முதலாளி ஓய்வூதியர்களுக்கு அளித்துவந்த துணைக் காப்பீட்டை நிறுத்துவது, சேர்ந்திருந்த மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் (மெடிகேரின் பலன்களைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் மாற்றுத் திட்டம்) அந்த மாவட்டத்திலிருந்து வெளியேறுவது ஆகியவை இதில் அடங்கும். இங்கே காப்பீடு உண்மையாகவே முடிகிறது. அதனாலேயே புதிய உரிமையும் பிறக்கிறது.

ஆகவே கடிதத்தில் முதலில் தேட வேண்டியது பிரீமியத்தையோ புதிய திட்டத்தின் விளம்பரத்தையோ அன்று; காப்பீடு முடியும் தேதி என்று ஏதாவது குறிக்கப்பட்டுள்ளதா என்பதைத்தான். அப்படி ஒரு தேதி இல்லையென்றால், வந்திருப்பது பெரும்பாலும் முதல் மூன்று வகைகளில் ஒன்றே.

மூடிய பாலிசியிலேயே நீடிப்பது

முகவர்கள் அதிகம் பேசாத வழி இது. புதிய பாலிசி விற்றால் தரகுத் தொகை உண்டு. "இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்கு அப்படி ஒன்றும் இல்லை. எல்லா முகவர்களும் இதனாலேயே தவறாக வழிகாட்டுவார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் அறிவுரையைக் கேட்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நீடிப்பதன் பலன் வெளிப்படையானது: உடல்நலக் கேள்வி இல்லை, காத்திருப்புக் காலம் இல்லை, மருத்துவரை மாற்ற வேண்டியதில்லை. அதன் குறை மெல்ல மெல்லத்தான் தெரியவரும். புதிதாக 65 வயதாகும் ஆரோக்கியமானவர்கள் சேர்வது நின்றுவிட்ட ஒரு குழுவின் சராசரி வயது ஆண்டுதோறும் ஏறுகிறது. உள்ளே இருப்பவர்களில் உடல்நலக் கேள்விகளைத் தாண்டக்கூடியவர்கள் மலிவான திட்டத்தைத் தேடி வெளியேறுகிறார்கள்; தாண்ட முடியாதவர்கள் மட்டும் தங்குகிறார்கள். கோரிக்கைகள் கூடுகின்றன, பிரீமியம் உயர்கிறது, அந்த உயர்வே இன்னும் சில ஆரோக்கியமானவர்களை வெளியே தள்ளுகிறது. புதுப் பயணிகள் ஏறாத வாடகை வேனில் ஒவ்வொருவராக இறங்க இறங்க, மீதமிருப்பவர்களின் பங்கு கூடிக்கொண்டே போவதைப் போன்றது இது.

இதற்குச் சில தடுப்புகள் உள்ளன. தேசியக் காப்பீட்டு ஆணையர்கள் சங்கத்தின் மாதிரி விதிகளை மாநிலங்கள் தழுவியே மெடிகேப் ஒழுங்குபடுத்தப்படுகிறது. அவ்விதிகளின்படி தனிநபர் பாலிசிகளில் வசூலாகும் பிரீமியத்தில் குறைந்தது 65 விழுக்காடும், குழுப் பாலிசிகளில் 75 விழுக்காடும் மருத்துவக் கோரிக்கைகளுக்கே செல்ல வேண்டும். ஒரு பாலிசிப் படிவத்தை, அதாவது ஒரே ஒப்பந்த வாசகத்துடன் விற்கப்படும் பாலிசியை, மூடிய நிறுவனம், அதே மாநிலத்தில் அதே எழுத்தில் அதே வகைப் புதிய படிவத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பொதுவாகக் கொண்டுவர முடியாது. பழையவர்களை உயர்ந்த பிரீமியத்தில் தனியே விட்டுவிட்டு, புதியவர்களுக்கு மலிவான படிவத்தைத் திறப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் ஒரே குழுமத்துக்கு உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் இருக்கும்போது, ஒன்றை மூடி இன்னொன்றின் பெயரில் அதே எழுத்தை விற்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. விதியின் எழுத்து மீறப்படவில்லை. அதன் நோக்கம் என்னவாயிற்று என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

பிரீமியம் எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதும் நீடிக்கும் முடிவைப் பாதிக்கும். எல்லா வயதினருக்கும் ஒரே தொகை வாங்கும் முறை, வாங்கியபோது இருந்த வயதை வைத்துத் தொகையை நிர்ணயிக்கும் முறை, ஒவ்வோர் ஆண்டும் கூடும் வயதுக்கேற்பத் தொகையை ஏற்றும் முறை என மூன்று உண்டு. மூன்றாவது முறையில் அமைந்த மூடிய பாலிசியில் வயதும் ஏற்றுகிறது, சுருங்கும் குழுவும் ஏற்றுகிறது. வாங்கிய வயதை வைத்து நிர்ணயித்த பாலிசியை 66 வயதில் வாங்கி இப்போது 80 வயதில் இருப்பவர் நிலை வேறு. அவர் அதே முறையில் புதிய பாலிசி வாங்கினால் 80 வயதுக்குரிய தொகையிலிருந்து தொடங்க நேரும் என்பதால், பழையது உயர்ந்தபோதிலும் மலிவாகவே இருக்கக்கூடும்.

வேறு மெடிகேப்புக்கு மாறுவது

இந்த வழியின் கவர்ச்சியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். பிளான் எஃப்புக்கும் பிளான் ஜி-க்கும் பலனில் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: பகுதி பி-யின் ஆண்டு டிடக்டிபிளை எஃப் ஏற்கிறது, ஜி ஏற்பதில்லை. 2026இல் அந்த வேறுபாட்டின் மதிப்பு 283 டாலர், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 24 டாலர். ஒருவர் எஃப்புக்கு மாதம் 260 டாலர் செலுத்துகிறார், அவருடைய ஊரில் ஜி 190 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பிரீமியத்தில் 840 டாலர் மிச்சம். டிடக்டிபிளைக் கழித்தாலும் 557 டாலர் கையில் நிற்கும். இந்த அளவு வேறுபாடு இருக்கும்போது, சேர்த்துக்கொள்ளப்படக்கூடிய உடல்நலம் உள்ளவர் எஃப்பில் நீடிப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்றே நான் சொல்வேன். 2020க்குப் பின் 65 வயதை எட்டியவர்கள் எஃப்பில் சேர முடியாது என்பதால், எஃப்பை இன்னும் விற்றுவரும் நிறுவனங்களில்கூட அக்குழு மூப்படைந்துகொண்டே போகிறது என்பதையும் கருத வேண்டும்.

பிளான் என் இன்னும் மலிவானது. அதில் மருத்துவரைச் சந்திக்கும்போது 20 டாலர் வரையிலும், உள்நோயாளியாகச் சேர்க்கப்படாத அவசரப் பிரிவு வருகைக்கு 50 டாலர் வரையிலும் செலுத்த வேண்டியிருக்கும். மெடிகேர் நிர்ணயித்த கட்டணத்துக்குமேல் சில மருத்துவர்கள் வசூலிக்கும், 15 விழுக்காடு வரையிலான கூடுதல் தொகையையும் அது ஏற்காது. பென்சில்வேனியா, ஒஹையோ போன்ற சில மாநிலங்கள் இந்தக் கூடுதல் வசூலுக்குத் தடை விதித்திருப்பதால், அங்கே இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

அதிக டிடக்டிபிள் கொண்ட பிளான் ஜி, பிரீமியத்தை வெகுவாகக் குறைக்கும் வழி. 2026இல் 2,950 டாலர் வரையிலான பங்கைத் தாமே ஏற்ற பிறகுதான் பாலிசி செலுத்தத் தொடங்கும். மேற்சொன்னவர் 260 டாலர் எஃப்பிலிருந்து 60 டாலர் விலையுள்ள இத்தகைய பிளானுக்கு மாறுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 2,400 டாலர் மிச்சமாகும். மிக மோசமான ஆண்டிலும் அவருக்கு ஏற்படும் இழப்பு 550 டாலர் அளவில் நிற்கும்; நல்ல ஆண்டுகளில் மிச்சம் முழுவதும் அவருடையதே. வங்கியில் மூவாயிரம் டாலரைத் தனியே ஒதுக்கி வைக்க முடிந்தவருக்கு இது ஏற்ற வழி. மாத வருமானத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்கு ஏற்றதன்று.

இவ்வளவு நன்மைகளுக்கும் வாசலில் நிற்கும் தடை, உடல்நலச் சோதனை. பகுதி பி தொடங்கி 65 வயதும் நிறைந்த மாதத்திலிருந்து ஆறு மாதங்களுக்கு மட்டுமே எந்த நிறுவனமும் எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு விண்ணப்பிப்பவரிடம் இதயநோய், புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, இன்சுலின், நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சை என்று கேட்பார்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் பார்ப்பார்கள். சென்ற ஆண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரை நிராகரிக்கவோ கூடுதல் பிரீமியம் கேட்கவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் கேள்விகள் வேறுபடும் என்பதால், ஓரிடத்து நிராகரிப்பை எல்லா இடத்துக்கும் பொதுவானதாகக் கொள்ள வேண்டியதில்லை.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் செய்யப்படும் சேர்க்கைக் காலத்தைப் பலர் மெடிகேப்புக்கும் உரியதாக எண்ணுகின்றனர். அது மெடிகேர் அட்வான்டேஜுக்கும் பகுதி டி மருந்துத் திட்டத்துக்கும் உரியது. மெடிகேப்புக்கு ஆண்டின் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்த நாளிலும் கேள்விகள் உண்டு.

இந்தத் தடையைத் தளர்த்துவது குடியிருக்கும் மாநிலம்தான். நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் ஆண்டு முழுவதும் உடல்நலக் கேள்வி இல்லாமல் சேரலாம். மாசசூசெட்ஸில் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த வாய்ப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் மெடிகேப் வைத்திருப்பவர் தம் பிறந்தநாளிலிருந்து 60 நாட்களுக்குள், சமமான அல்லது குறைந்த பலனுள்ள பாலிசிக்கு எந்த நிறுவனத்திலும் கேள்வியின்றி மாறிக்கொள்ளலாம். ஒரிகனில் இக்காலம் 30 நாட்கள், ஐடஹோவில் 63 நாட்கள். மிசூரியில் பாலிசியின் ஆண்டு நிறைவு நாளுக்கு முன்னும் பின்னும் 30 நாட்களுக்குள் அதே எழுத்தில் நிறுவனத்தை மாற்றலாம். வாஷிங்டன் மாநிலத்தில் பி முதல் என் வரையிலான பிளான்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் நகரலாம். இத்தகைய மாநிலங்களில் வசிப்பவர் மூடிய பாலிசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. உரிய காலம் வரும்வரை பிரீமியத்தைத் தவறாமல் செலுத்திக் காத்திருந்தால் போதும். எஃப்பிலிருந்து ஜி-க்கு இறங்குவது "குறைந்த பலன்" என்ற நிபந்தனைக்குள் அடங்கும் என்பதால், கலிஃபோர்னியாவில் உள்ள 80 வயது இதயநோயாளிகூட அந்த 557 டாலரைப் போன்ற மிச்சத்தைப் பெறலாம். டெக்சஸில் உள்ள அவருடைய தம்பிக்கு அந்த வழி இல்லை. ஒரே நாட்டில் ஒரே சட்டத்தின் கீழ் விற்கப்படும் ஒரே எழுத்துக்கு இவ்வளவு வேறுபாடு இருப்பதை நியாயப்படுத்துவது கடினம்தான்.

மெடிகேர் அட்வான்டேஜ்

மூடிய பாலிசியின் பிரீமியம் தாங்க முடியாததாகி, உடல்நலக் காரணத்தால் வேறு மெடிகேப்பும் கிடைக்காதவர்களுக்கு எஞ்சும் வழி இது. இங்கே உடல்நலக் கேள்வி இல்லை. பகுதி பி-யின் 2026ஆம் ஆண்டு மாதப் பிரீமியமான 202.90 டாலருக்குமேல் எதுவும் வாங்காத திட்டங்கள் பல உள்ளன. பகுதி பி பிரீமியத்தை எந்த வழியில் சென்றாலும் செலுத்தியே ஆக வேண்டும். மருந்துக் காப்பீடும் பெரும்பாலும் உள்ளடங்கியிருக்கும். திட்டத்தின் மருத்துவர் வலையமைப்புக்குள் பெறும் சிகிச்சைக்கு நோயாளியின் ஆண்டுச் செலவு 2026இல் 9,250 டாலரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு; பல திட்டங்கள் அதைவிடக் குறைந்த வரம்பை வைத்துள்ளன.

மெடிகேப்புடன் ஒப்பிட்டால் விட்டுக்கொடுக்க வேண்டியவையும் கணிசமானவை. வலையமைப்புக்கு வெளியே உள்ள மருத்துவமனைக்குச் செல்வது கடினமாகும் அல்லது விலை கூடும். ஸ்கேன், மறுவாழ்வு மையம், விலையுயர்ந்த ஊசி மருந்து ஆகியவற்றுக்குத் திட்டத்தின் முன்அனுமதியைப் பெற வேண்டியிருக்கும். கடுமையான நோய் வந்த ஆண்டில் 9,250 டாலர் வரையிலான செலவு, அடுத்த ஆண்டு ஜனவரியில் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அட்வான்டேஜ் திட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். மெடிகேப்பைப் போல உறுதியாகப் புதுப்பிக்கத்தக்கதன்று. விற்பனையை நிறுத்திவிட்டார்களே என்று பயந்து, சட்டப்படி யாராலும் பறிக்க முடியாத பாலிசியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஜனவரியிலும் பலன்கள் மாறக்கூடிய திட்டத்துக்குப் போவதில் உள்ள முரண்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

"பிடிக்காவிட்டால் ஓராண்டுக்குள் திரும்பிவிடலாம்" என்று சொல்லப்படுவதில் பாதி உண்மை உண்டு. மெடிகேப்பை விட்டு முதன்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதங்களுக்குள் பழைய பாலிசிக்குத் திரும்பும் உரிமை பெற்றவர்தான். ஆனால் அதே நிறுவனம் அதே பாலிசியை அப்போதும் விற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்பனை நிறுத்தப்பட்ட பாலிசியை விட்டுச் சென்றவருக்கு அந்தக் கதவு திறக்காது. அதற்குப் பதிலாக அவர் மாநிலத்தில் விற்கப்படும் ஏ, பி, கே, எல் பிளான்களில் ஒன்றையும், 2020க்கு முன் மெடிகேருக்குத் தகுதி பெற்றவரானால் சி அல்லது எஃப்பையும், பின்னர் தகுதி பெற்றவரானால் டி அல்லது ஜி-யையும் கேள்வியின்றி வாங்கலாம். பிளான் என் இந்தப் பட்டியலில் இல்லை. அந்த 12 மாதங்கள் கடந்துவிட்டால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாற்றக் காலத்தில் பகுதி ஏ, பி கொண்ட பழைய மெடிகேருக்குத் திரும்ப முடியும்; ஆனால் கூடவே மெடிகேப் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 20 விழுக்காட்டு ஆபத்து அப்போது முழுவதுமாகத் திரும்பி வந்து நிற்கும்.

காப்பீடு உண்மையாகவே முடியும்போது

நிறுவனம் திவாலானாலோ, பாலிசிதாரரின் பிழையின்றிக் காப்பீடு வேறு வகையில் முடிந்தாலோ, முன்னாள் முதலாளியின் ஓய்வூதியர் திட்டம் நின்றாலோ, மேற்சொன்ன அதே பட்டியலிலிருந்து ஒரு மெடிகேப்பை வாங்கும் உரிமை மத்தியச் சட்டத்தாலேயே கிடைக்கிறது. நிறுவனம் மறுக்க முடியாது. உடல்நலத்தைக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கேட்க முடியாது. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிக்க முடியாது. காப்பீடு முடிந்த நாளிலிருந்து 63 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி வழிக் காப்பீடாக இருந்தால், முடிந்த தேதி, முடிவதாக அறிவித்த கடிதத்தின் தேதி, அதன் காரணமாகக் கோரிக்கை மறுக்கப்பட்ட தேதி ஆகியவற்றுள் கடைசியாக வருவதிலிருந்து அந்த 63 நாட்கள் எண்ணப்படும். ஒரு சங்கத்தின் அல்லது அமைப்பின் வழியாகப் பெற்ற குழு மெடிகேப் பாலிசியை அந்த அமைப்பு மாற்றீடு இன்றி முடித்துக்கொண்டால், அதே காப்பீட்டு நிறுவனம் உறுப்பினருக்குத் தனிநபர் பாலிசி வழங்க முன்வர வேண்டும் என்பதும் மாதிரி விதிகளில் உண்டு.

இந்த நிலையில் உள்ளவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை. நோய் உள்ளவரானால், பிரீமியம் சற்று அதிகமாகத் தோன்றினாலும் ஜி அல்லது எஃப்பை இந்த உரிமையில் வாங்கிவிட வேண்டும். இந்த வாசல் இன்னொரு முறை திறக்கும் என்று எண்ணக் கூடாது. நல்ல உடல்நலம் உள்ளவர், இந்த உரிமையில் கிடைக்கும் விலையையும் கேள்விகளுக்கு விடையளித்துப் பெறும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தேடல் 63 நாட்களுக்குள் முடிய வேண்டும். அட்வான்டேஜ் திட்டம் ஊரைவிட்டு வெளியேறினால், அந்தக் காப்பீடு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே மெடிகேப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் இடைவெளியே விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். பல ஆண்டுகளுக்கு முன் மெடிகேப்பை இழந்து, நோயின் காரணமாகத் திரும்பி வர முடியாதிருந்தவர்களுக்கு, தம் அட்வான்டேஜ் திட்டம் மூடப்படுவதே சில வேளைகளில் நல்ல செய்தி.

அறிவிப்புக் கடிதத்தை மட்டுமன்றி, அஞ்சல் முத்திரை பதிந்த உறையையும் பத்திரப்படுத்த வேண்டும். உரிமையை மெய்ப்பிக்கும் ஆவணமாக அதைக் கேட்கக்கூடும்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ அடிக்கடி சென்றுவரும் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர்த்தால் மெடிகேர் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. சி, டி, எஃப், ஜி, எம், என் ஆகிய பிளான்கள் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் டிடக்டிபிளுக்குப்பின் 80 விழுக்காட்டை, வாழ்நாள் வரம்பு 50,000 டாலர் வரை ஏற்கின்றன. ஏ, பி, கே, எல் ஆகியவற்றில் இது இல்லை. மூடிய எஃப்பிலிருந்து விலை குறைந்த கே-க்கு மாறும் எண்ணமுள்ளவர், சென்னையில் நெஞ்சுவலி வந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் தங்குவோருக்கு எந்த மெடிகேப்பும் போதாது. அவர்களுக்குப் பயணக் காப்பீடு தனியே தேவை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் செயல்படும் வரிசை முக்கியம். வேறு மெடிகேப்புக்கு விண்ணப்பித்தவர், புதிய நிறுவனம் எழுத்தில் ஒப்புதல் தந்து பாலிசி கைக்கு வரும்வரை பழையதைத் தொட்டுக்கூடப் பார்க்கக் கூடாது. புதிய பாலிசியைப் பார்த்து முடிவு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. அந்த ஒரு மாதம் இரண்டு பிரீமியங்களையும் செலுத்துவது வீண்செலவன்று. விண்ணப்பத்தில் பழைய பாலிசிக்கு மாற்றாகவே இதை வாங்குவதாக ஒப்பமிட வேண்டியிருக்கும். பழைய பாலிசியில் ஆறு மாதங்கள் கடந்திருந்தால், முன்பே இருந்த நோய்க்குப் புதிதாகக் காத்திருப்புக் காலம் விதிக்க முடியாது. அட்வான்டேஜுக்கு மாறுபவர் மெடிகேப்பை எழுத்து மூலம் தாமே ரத்து செய்ய வேண்டும். அட்வான்டேஜ் தொடங்கியதால் மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் மெடிகேப் பிரீமியம் நின்றுவிடாது.

விற்பனைத் தொடர்பு இல்லாத ஆலோசனைக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் எனப்படும் இலவச மெடிகேர் ஆலோசனைத் திட்டம் உள்ளது. ஃபுளோரிடாவில் அது ஷைன் என்றும், கலிஃபோர்னியாவில் ஹைகேப் என்றும் வழங்குகிறது. அவர்களிடமோ மாநிலக் காப்பீட்டுத் துறையிடமோ கடிதத்தைக் காட்டி மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: என் பாலிசி புதியவர்களுக்கு மட்டும் மூடப்பட்டதா அல்லது எனக்கே முடிகிறதா, கடந்த ஐந்து ஆண்டுகளில் அதன் பிரீமியம் எவ்வளவு உயர்ந்தது, இந்த மாநிலத்தில் கேள்வியின்றி மாறுவதற்கு எனக்கு அடுத்த வாய்ப்பு எப்போது. இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை நிறுவனத்துக்கோ முகவருக்கோ எந்தப் படிவத்திலும் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டியதில்லை. செலுத்த வேண்டிய பிரீமியத்தை மட்டும் தவணை தவறாமல் செலுத்திவர வேண்டும்.